போய் வருகிறேன்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

முன்னுரை

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு அறிவிப்புப் பலகையில் கண்டபோது, என் வகுப்புத் தோழர்கள் மரபணுவைப் பற்றியும் பவளப் பாறைகளைப் பற்றியும் எழுதப் போவதாகக் கூறினார்கள். எனக்கு அத்தனை பெரிய பொருள் எதுவும் தோன்றவில்லை. சென்ற கோடை விடுமுறையில் என் அக்காள் மகளைப் பால்வாடியில் சேர்த்த செய்திதான் நெஞ்சில் நின்றது. "இதுவும் ஒரு கட்டுரைப் பொருளா?" என்று நண்பர்கள் நகைத்தார்கள். ஆனால் அந்த ஒன்றரை மாத காலத்தில் நான் செய்த பிழையும், அதனைத் திருத்திக்கொள்ள நூலகத்தில் தேடிப் படித்தவையும், வகுப்பறையில் கற்ற விலங்கியலை என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தன. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் தம்பியோ, தங்கையோ, அக்காள் பிள்ளையோ உண்டு. ஆகவே இப்பொருள் எல்லோருக்கும் பயன்படும் என்ற துணிவில் எழுதுகிறேன்.

எங்கள் வீடும் என் அக்காவும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதில் பெருமை கொள்வதற்கு முன் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் பிறந்தபோது அக்காவுக்கு வயது 11. ஐந்தாம் வகுப்பை முடித்து, ஆறாம் வகுப்பில் சேர வேண்டிய ஜூன் மாதம் அது. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனால்தான் அடுப்பு எரியும். கைக்குழந்தையான என்னைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அக்காவின் இடுப்பில் என்னை ஏற்றினார்கள்; அவளுடைய பள்ளிக்கூடப் பை ஆணியில் ஏறியது. எனக்கு மூன்று வயது ஆனபோதும் எங்கள் தெருப்பக்கம் பால்வாடி இல்லை. பெரிய ஊரில் இருந்த பால்வாடிக்கு ஓடையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் அக்காவின் இடுப்பு காலியாயிற்று. அதற்குள் அவள் பள்ளிக்குத் திரும்பும் வயதைத் தாண்டிவிட்டாள்.

இப்போது அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மாமா லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். அக்காவும் குழந்தையும் எங்களோடுதான் இருக்கிறார்கள். விடியுமுன் ஐந்து மணிக்கு மல்லிகைத் தோட்டத்திற்குப் பூப் பறிக்கப் போகும் அக்கா ஒன்பது, ஒன்பதரைக்குத் திரும்புவாள். அதன்பின் அம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். பகல் முழுவதும் குழந்தையோடு அக்கா மட்டுமே. சென்ற பொங்கலின்போது அவள் என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்: "எட்டாங் கிளாஸ் பரிட்சைய வீட்ல இருந்தே படிச்சு எழுதலாமாமே, நெசமாடா தம்பி?" உண்மைதான் என்றேன். பள்ளிக்குப் போகாமலே தனித்தேர்வராக அத்தேர்வை எழுதலாம்; அதில் தேறினால் அடுத்துப் பத்தாம் வகுப்புத் தேர்வையும் எழுதலாம். பழைய பாடநூல்களைத் தேடிக் கொடுத்தேன். ஆனால் நூலைத் திறந்தால் குழந்தை மடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். குழந்தை பால்வாடிக்குப் போனால் அக்காவுக்குப் பகலில் நான்கைந்து மணி நேரம் கிடைக்கும். எங்கள் வீட்டில் இது இருவருடைய படிப்பைப் பற்றிய செய்தி என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பால்வாடி வந்த கதை

பால் கொடுக்கும் இடம் என்பதால் பால்வாடி எனப் பெயர் வந்தது என்றே எங்கள் தெருவில் எல்லோரும் எண்ணியிருந்தோம். உண்மை வேறு. ‘பால்’ என்பது வடமொழி வழிவந்த சொல். குழந்தை என்று பொருள். ‘வாடி’ என்றால் தோட்டம். எனவே பால்வாடி என்பது குழந்தைத் தோட்டம். ஜெர்மனியில் பிரெடெரிக் புரோபெல் என்பவர் 1837ஆம் ஆண்டில் சிறுவர்க்கென ஒரு விளையாட்டுக் கல்வி நிலையம் தொடங்கி, 1840இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ எனப் பெயரிட்டார். அச்சொல்லின் பொருளும் குழந்தைத் தோட்டமே. 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், ரோமாபுரியில் கூலித் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காகவே அது தொடங்கப்பட்டது. அதே அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும். நம் நாட்டில் கிஜுபாய் பதேகா 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் பாலமந்திர் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார் பிற்காலத்தில் ஏழை மக்களின் குடியிருப்பு முற்றத்திற்கே கல்வியைக் கொண்டு சென்றார். ‘அங்கன்’ என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் அவ்வாறு அமைந்ததே.

1975 அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதிலும் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1982 சூலை 1ஆம் நாள், திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு பால்வாடிக் குழந்தைகளுக்கும் மதியச் சோறு கிடைத்தது. 2020ஆம் ஆண்டு வாக்கில் நம் மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று எங்கள் தெரு முனைக்கும் வந்துவிட்டது. ஆக, கட்டடம் வந்துவிட்டது. சோறும் முட்டையும் வந்துவிட்டன. குழந்தையை அங்கே எப்படி அனுப்புவது என்பதைத்தான் நாங்கள் அறிந்திருக்கவில்லை.

காது எட்டவில்லையே!

முதல் தடை அம்மாவிடமிருந்து வந்தது. குழந்தையின் வலக்கையைப் பிடித்துத் தலைக்கு மேலாக வளைத்து இடக் காதைத் தொடச் சொன்னாள். விரல் நுனி உச்சந்தலையைத் தாண்டவில்லை. "காதே எட்டல, அதுக்குள்ள என்னடா பள்ளிக்கூடம்?" என்றாள்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் பள்ளியில் சேர்க்கும் வயதை அறிய நம் ஊர்களில் கையாண்ட முறை இது. இதனை மூடப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவர்க்கோ ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். தலை முன்னதாக வளர்ந்துவிடுகிறது. கையும் காலும் பின்னர் நீளுகின்றன. ஆறு வயதை ஒட்டித்தான் கை காதை எட்டுகிறது. ஆகவே அம்மாவின் சோதனை ஒன்றாம் வகுப்புக்குப் பொருந்தும்.

"நீ சொல்றது சரிதாம்மா. ஒண்ணாங் கிளாசுக்குக் காது எட்டணும். பால்வாடிக்கு அது வேண்டாம். அங்க பாடம் கிடையாது, விளையாட்டுதான்" என்றேன். மூளை ஐந்தாறு வயதிற்குள் பெரியவர் மூளையின் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை அடைந்துவிடுகிறது என்பதையும் எடுத்துச் சொன்னேன். கை காதை எட்டும்வரை நாம் காத்திருக்கலாம், மூளை காத்திருப்பதில்லை. அம்மா அரைமனத்தோடு இசைந்தாள்.

நான் செய்த பிழை

ஏப்ரல் மாதப் பிற்பகுதியில் ஒரு திங்கட்கிழமை, குழந்தையைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, நானே தூக்கிச் சென்றேன். காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொண்ட தாய்மாமன் அல்லவா! அங்கே ஓர் ஆடும் குதிரை இருந்தது. அதில் ஏற்றி உட்கார வைத்து, "ஆடும்மா, மாமா இங்கனயேதான் நிக்கிறேன்" என்றேன். அவள் குதிரையின் காதைப் பிடித்துக் குனிந்த நேரத்தில் ஓசைப்படாமல் வெளியே வந்துவிட்டேன். அழவிடாமல் பிரிந்துவிட்டோம் என்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். வேப்பமரம்வரை வருவதற்குள் அந்த அழுகை கேட்டது. "கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று எண்ணி வீட்டுக்கு நடந்தேன்.

சரியாகவில்லை. பன்னிரண்டரை மணிக்குப் பால்வாடி ஆயா வந்து அழைத்தார். குழந்தை ஒரு வாய்ச் சோறும் உண்ணாமல் அழுது அழுது தரையிலேயே உறங்கிவிட்டிருந்தது. ஆசிரியை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, இனிமே சொல்லிட்டுப் போங்க. அழுதாலும் பரவாயில்ல" என்று மட்டும் சொன்னார்.

அன்றோடு அது முடியவில்லை. அதுவரை விடியற்காலையில் அம்மா இல்லாததைப் பொருட்படுத்தாமல் உறங்கிய குழந்தை, நான்கு மணிக்கே விழித்து அக்காவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டது. குளியலறைக்குக்கூட அவளைத் தனியே போகவிடவில்லை. அந்த வாரம் நான்கு நாள் அக்காவால் பூப் பறிக்கப் போக முடியவில்லை. நான்கு நாள் கூலி போயிற்று. ஐந்தாம் நாள் அக்கா பாடநூல்களை அடுக்கி என் அலமாரியில் வைத்துவிட்டு, "விடுடா தம்பி. இந்த வயசுல எனக்கு எதுக்குப் படிப்பு?" என்றாள். ஒருமுறை எனக்காகப் பள்ளியை விட்டவள். மறுமுறை என்னாலேயே விடுகிறாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அழுகையின் பொருள்

மறுநாள் நூலகத்திற்குப் போனேன். விலங்கு நடத்தை பற்றிய பாடத்தில் கன்ராட் லாரன்சின் வாத்துக் குஞ்சுகளைப் பற்றிப் படித்திருக்கிறோம். முட்டையிலிருந்து வெளிவந்தவுடன் தாம் கண்ட லாரன்சையே தாயாகக் கொண்டு அவர் பின்னாலேயே நடந்த குஞ்சுகள் அவை. 1973இல் நோபல் பரிசு பெற்ற அறிஞர்களுள் அவரும் ஒருவர். தேர்வுக்காகப் படித்த இப்பகுதிக்கு அடுத்த அலமாரியிலேயே எனக்கு வேண்டிய விடை இருந்தது.

அமெரிக்க அறிஞர் ஹாரி ஹார்லோ 1950களில் ரீசஸ் குரங்குக் குட்டிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார். கம்பியால் செய்த ஒரு பொம்மைத் தாய், மெத்தென்ற துணி சுற்றிய மற்றொரு பொம்மைத் தாய் ஆகிய இரண்டையும் கூண்டில் வைத்தார். பால்புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும், குட்டிகள் பசியாறும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் துணித் தாயையே கட்டிக்கொண்டிருந்தன. உணவு கொடுப்பவரிடம் மட்டுமே குட்டி ஒட்டிக்கொள்ளும் என்ற பழைய கருத்து இதனால் தளர்ந்தது. கூண்டில் அக்குட்டிகள் பட்ட துன்பம் நினைக்க வருந்தத்தக்கது. ஆயினும் அவை உணர்த்திய உண்மை பெரிது.

இங்கிலாந்தில் ஜான் பௌல்பி என்னும் மருத்துவர், இவ்வுண்மை மனிதக் குழந்தைக்கும் பொருந்தும் எனக் காட்டினார். தாயை அல்லது வளர்ப்பவரை நெருங்கியிருக்க விழைவது பசியைப் போன்றே இயல்பான ஒன்று. ஆபத்திலிருந்து குட்டியைக் காக்க இயற்கை அமைத்த ஏற்பாடு என்றார். அவருடன் பணிபுரிந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் ஒரு திரைப்படம் எடுத்தார். மருத்துவமனையில் எட்டு நாள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றியது அது. அந்நாளில் பெற்றோர் உடன் தங்க அனுமதி இல்லை. அச்சிறுமி பெரிதாக அழுது ஆர்ப்பரிக்கவில்லை. முகம் வாடி, மெல்ல மெல்ல ஒடுங்கிப் போனாள். அழாத குழந்தை பழகிவிட்டது என்று அதுவரை எண்ணியிருந்த மருத்துவர்களும் தாதியரும் திகைத்தார்கள். பிற்பாடு அந்நாட்டு மருத்துவமனைகளில் பெற்றோரை அனுமதிக்கும் விதிகள் தளர்ந்ததற்கு இப்படமும் ஒரு காரணம்.

மேரி ஐன்ஸ்வொர்த் என்னும் அம்மையார் 1950களில் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டுச் சிற்றூர்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் உற்றுநோக்கினார். பின்னர் அமெரிக்காவில் ஓர் எளிய சோதனையை அமைத்தார். ஒரு வயதுக் குழந்தையைப் புதிய அறையில் விட்டுத் தாய் சில நிமிடம் வெளியே போய்த் திரும்புவாள். அம்மையார் கூர்ந்து கவனித்தது பிரிவின்போது எழும் அழுகையை மட்டுமன்று. தாய் திரும்பி வந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்பதையே. ஓடி வந்து கட்டிக்கொண்டு, தேறி, மீண்டும் விளையாடப் போகிற குழந்தை, ‘தேவைப்படும்போது இவள் எனக்குக் கிடைப்பாள்’ என்ற நம்பிக்கை உடையது.

இதைப் படித்தபோது என் பிழை விளங்கியது. குழந்தை பிரிவதற்கு அழுவது நோயன்று, அன்புக்குச் சான்று. அந்த அழுகையைத் தவிர்க்கிறேன் என்று நான் அவளை ஏமாற்றினேன். ‘இங்கேயே நிற்கிறேன்’ என்று சொன்னவன் திரும்பிப் பார்க்கும்போது இல்லை. கண்ணை எடுத்தால் ஆள் மறைந்துவிடுவார் என்று அவளுக்குக் கற்பித்தவன் நானே. அதனால்தான் அம்மாவின்மேலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. பால்வாடிக்கு வேண்டிய முதல் ஆயத்தம் சிலேட்டும் பையும் அல்ல. போனவர் திரும்பி வருவார் என்னும் நம்பிக்கையே அது.

வீட்டில் செய்த ஆயத்தம்

மே மாத விடுமுறைக்குப் பின் மீண்டும் முயல்வது என முடிவு செய்தோம். அதற்குள் செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, அச்சுறுத்தலை நிறுத்தினோம். "சாப்பிடலைன்னா பால்வாடி டீச்சர்ட்ட பிடிச்சுக் குடுத்துருவேன், ஊசி போடுவாங்க" என்று சொல்வது எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. எந்த இடத்திற்கு அனுப்பப் போகிறோமோ அந்த இடத்தையே பூச்சாண்டியின் வீடாக்கி வைத்திருந்தோம். அம்மாவிடம் இதைச் சொன்னதும் அவளே சிரித்துவிட்டாள்.

இரண்டாவது, சிறுசிறு பிரிவுகளைப் பழக்கினோம். கண்ணாமூச்சி ஆட்டம் நம் முன்னோர் கண்ட சிறந்த பயிற்சி. கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடுவதில்லை என்பதைக் குழந்தை முதல் இரண்டாண்டுகளில் சிறிது சிறிதாகக் கற்கிறது என்று ஜீன் பியாஜே கூறுகிறார். மறைந்த முகம் சிரித்துக்கொண்டு திரும்பி வரும் விளையாட்டு அது. அடுத்து, "கடைக்குப் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிடத்தில் வந்தேன். பிறகு அரை மணி நேரம். ஒருமுறையும் சொல்லாமல் போகவில்லை. சொன்னபடி வராமலும் இல்லை. அக்காவும் முதல் நாள் இரவே, "விடியமுந்தி அம்மா பூப்பறிக்கப் போவேன், வெயில் வந்ததும் வந்துருவேன்" என்று சொல்லத் தொடங்கினாள். திரும்பும்போது முந்தானையில் நான்கு மொட்டு முடிந்து வந்து குழந்தையின் கையில் கொடுப்பாள். மூன்று வயதுக் குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. வெயில் தெரியும், சோறு தெரியும், மொட்டு தெரியும்.

மூன்றாவது, பெயர். வீட்டில் எல்லோரும் ‘குட்டி’ என்றே அழைப்போம். பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ என்று பேசாமல் இருப்பாள். ஒரு வாரம் அந்தப் பெயரையே சொல்லி அழைத்துப் பழக்கினோம்.

நான்காவது, தன் கையால் செய்பவை. தட்டின் முன் அமர்ந்து தானே உண்பது, சோப்புப் போட்டுக் கை கழுவுவது, சிறுநீர் வந்தால் வாய்விட்டுச் சொல்வது, தானே உடையை இறக்கி ஏற்றுவது. மாமா வாங்கி வந்திருந்த பொத்தான் வைத்த கால்சட்டை அவளால் கழற்ற முடியாதது. எலாஸ்டிக் வைத்ததாக மாற்றினோம். சிறியதோர் மாற்றம்தான், ஒரு குழந்தையை வெட்கத்திலிருந்து காக்க அது போதும்.

ஐந்தாவது, உறக்கம். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும். தொலைக்காட்சித் தொடர் முடியும்வரை விழித்திருந்த குழந்தை காலையில் எரிச்சலோடு எழுவதில் வியப்பில்லை. எட்டரை மணிக்குத் தொலைக்காட்சியை அணைத்தோம். இதில் மிகுந்த தியாகம் செய்தவள் அம்மாதான்.

ஆறாவது, உடல்நலம். ஒன்றரை வயதை ஒட்டிப் போட வேண்டிய ஊக்கத் தடுப்பூசியும், தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணையும் போடப்பட்டுள்ளனவா என்று அட்டையைப் பார்த்துக்கொண்டோம். ஆறு மாதத்திற்கொரு முறை தரும் வைட்டமின் ஏ திரவமும், ஆண்டுக்கு இருமுறை தரும் குடற்புழு மாத்திரையும் பால்வாடி வழியாகவே கிடைக்கும். பல குழந்தைகள் கூடுமிடத்தில் முதல் சில மாதங்கள் சளி, காய்ச்சல் அடிக்கடி வருவது இயல்பு. அதற்காக நிறுத்திவிடாமல், நகம் வெட்டிக் கை கழுவப் பழக்குவதே தக்க வழி.

எழுத்தா, விளையாட்டா?

இரண்டாம் தடை மாமாவிடமிருந்து வந்தது. "ஏபிசிடி எழுதாத பிள்ளைய எவன் சேர்ப்பான்?" என்று சிலேட்டு ஒன்று வாங்கி வந்தார். பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஆசை. அதனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நான் விலங்கியல் மாணவன்; என்னிடம் ஒரு சான்று இருந்தது. நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை எட்டும் குருத்தெலும்பாகவே இருக்கும். முதல் சில மாதங்களில் இரண்டு எலும்பாகத் தொடங்கும். மூன்று வயதில் மூன்று அல்லது நான்கு. எட்டாவதான பட்டாணி போன்ற எலும்பு உருவாகப் பத்துப் பன்னிரண்டு வயதாகும். கையை எக்ஸ்ரே எடுத்து வயதை மதிப்பிடுவது இதனைக் கொண்டே. முற்றாத மணிக்கட்டோடு குச்சியைப் பிடித்து எழுது என்றால் பிஞ்சுக் கை என்ன செய்யும்?

மேலும், மூன்று வயதில் குழந்தை வட்டத்தைப் பார்த்து வரையும். நான்கில் கூட்டல் குறி. ஐந்தை ஒட்டிச் சதுரமும் முக்கோணமும். நம் ‘அ’ எழுத்தில் சுழியும் வளைவும் நேர்கோடும் சேர்ந்து வருகின்றன. அதற்குரிய காலம் இன்னும் இருக்கிறது. எனவே சிலேட்டை எடுத்து வைத்துவிட்டு, அம்மாவிடம் கோலப் பொடி வாங்கினோம். பொடியைக் கிள்ளி எடுக்கும் அந்த மூன்று விரல்கள்தாம் பின்னர் பேனாவைப் பிடிக்கப் போகின்றன. மாவு பிசைவது, மண்ணில் கிண்டுவது, அக்காவோடு உட்கார்ந்து மொட்டுகளைப் பொறுக்கி வைப்பது ஆகியவை எல்லாமே கைக்குப் பாடம். கதை கேட்பதும் பாட்டுப் பாடுவதும் காதுக்கும் நாவுக்கும் பாடம். மாமா முழுவதும் ஒப்பினார் என்று சொல்ல மாட்டேன். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது சிலேட்டைக் கேட்கவில்லை.

மீண்டும் பால்வாடிக்கு

ஜூன் முதல் வாரத்தில், மாலை வேளைகளில் அந்தக் கட்டடத்தைச் சுற்றி நடந்தோம். ஆசிரியையிடம் இரண்டு நாள் வெறுமனே பேசிவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் நானும் பாயில் உட்கார்ந்தேன். இருபது வயதுப் பையன் மூன்று வயதுப் பிள்ளைகளோடு கைதட்டிப் பாடியதைக் கண்டு தெருவே சிரித்தது. நான்காம் நாள் சோறு வரையில் இருந்தோம்.

அடுத்த திங்கட்கிழமை, அக்காவின் பழைய சேலையில் கிழித்துத் தைத்த கைக்குட்டை ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். ஹார்லோவின் துணித் தாயை நினைத்தே அதைச் செய்தேன். அவள் கண்மட்டத்திற்குக் குனிந்து, "மாமா போய்ட்டு வரேன். நீ சோறு தின்னு, தூங்கி எந்திரிச்சதும் அம்மா வந்துரும்" என்றேன். அழுதாள். என் நெஞ்சும் கனத்தது. ஆனாலும் ஒளியாமல், அவள் பார்க்கவே, ஆசிரியையின் கையில் ஒப்படைத்து வெளியேறினேன். நெடுநேரம் நின்று சமாதானம் சொல்வதும் தவறு. நிற்பவர் முகத்தில் ஐயம் இருந்தால் அது குழந்தைக்கும் தொற்றிக்கொள்ளும். வேப்பமரத்தடியில் நின்று எண்ணினேன். ஆறாவது நிமிடத்தில் அழுகை நின்றது. மூன்று மணிக்கு அக்கா சொன்னபடி போய் வாசலில் நின்றாள். குழந்தை ஓடி வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு சற்று விம்மி, பிறகு அன்று தந்த முட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது. ஐன்ஸ்வொர்த் அம்மையார் நூலில் சொன்ன காட்சியை எங்கள் தெரு முனையில் கண்டேன்.

இரண்டாம் நாளும் அழுதாள். ஐந்தாம் நாள் முகத்தைச் சுளித்ததோடு சரி. இரண்டாம் வாரம் திங்கட்கிழமை மீண்டும் அழுதாள். விடுமுறைக்குப் பின் அவ்வாறு நேர்வது இயல்பு. மூன்றாம் வாரத்தில் என் கல்லூரி திறந்தபோது அக்காவே கொண்டுபோய் விடத் தொடங்கினாள்.

முடிவுரை

நண்பர்களே! உலகின் பேரறிஞர்கள் பல்லாண்டு ஆராய்ந்து கண்ட உண்மை ஒன்று நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. தமிழர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. சொன்னால் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். ‘போய் வருகிறேன்’ என்றே சொல்ல வேண்டும். பிரியும் சொல்லுக்குள்ளேயே திரும்பி வரும் வாக்குறுதியை வைத்திருக்கிறோம். பெரியவர்களுக்குள் ஒருவருக்கொருவர் தவறாமல் சொல்லும் அச்சொல்லை, யாருக்கு அது மிகவும் தேவையோ அந்தக் குழந்தையிடம் மட்டும் சொல்லாமல் நழுவுகிறோம். சொல்லிவிட்டுப் போவோம், சொன்னபடி வருவோம். பால்வாடிக்கு ஆயத்தம் செய்வதில் முதலும் முடிவும் இதுவே என்பது என் துணிபு.

விடுமுறை நாட்களில் உங்கள் தெருவில் உள்ள பால்வாடிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். போகாமல் வீட்டில் இருக்கும் ஒரு குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். அக்குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போகாமல் நிற்கும் ஓர் அக்காவையும் அங்கே நீங்கள் காணக்கூடும்.

என் அக்கா இப்போது பகல் பத்தரை மணி முதல் இரண்டரை மணி வரை எட்டாம் வகுப்புக் கணக்கு நூலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறாள். பின்னங்கள் அவளைப் படாதபாடு படுத்துகின்றன. மாலையில் நான் சொல்லிக் கொடுக்கிறேன். தேர்வில் தேறுவாளா என்பதை அடுத்த மலரில்தான் எழுத முடியும். காலையில் பேருந்துக்கு நான் கிளம்பும்போது, குட்டி திண்ணையில் நின்று எனக்கு விடை தருகிறாள்: "போய்ட்டு வா மாமா. சோறு தின்னு, தூங்கி எந்திரிச்சதும் வந்துரு."

கல்லூரியில் தூங்குவதைப் பற்றி அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். ஆனால் மாலையில் நான் தவறாமல் வந்துவிடுகிறேன்.